மூட்டு மாற்று ஆபரேஷன் முடிஞ்சு 24 நாள், அம்மாவுக்கு முட்டி 70 டிகிரிக்கு மேல மடங்க மாட்டேங்குது

#1 காவிரிக்கரையான் | ஆகஸ்ட் 11, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். புலம்பலா இருந்தா மன்னிச்சுக்குங்க. ராத்திரி இந்த நேரத்துல வேற யாரைக் கேக்குறதுன்னு தெரியல.

அம்மாவுக்கு வயசு 64. ஸ்ரீரங்கம் பக்கம் வீடு. ஜூலை 18 அன்னிக்கு வலது முட்டிக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் ஆச்சு. பத்து வருஷ வலி, கால் வில்லா வளைஞ்சு போயிருந்துச்சு. இப்ப கால் நேரா இருக்கு. தையல் பிரிச்சாச்சு, புண்ணும் காய்ஞ்சிருச்சு. சுகர் உண்டு, கட்டுக்குள்ளதான் இருக்கு.

பிரச்சினை மடங்குறதுதான். 70 டிகிரியைத் தாண்டவே மாட்டேங்குது. வீட்டுக்கு வர்ற பிசியோ (தடவைக்கு 600 ரூபாய்) கட்டில்ல உக்கார வச்சு, கணுக்காலைப் பிடிச்சு அமுக்கி மடக்குறாரு. அம்மா போடுற சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது. நேத்து அவரு பைக் சத்தம் கேட்டதும் அம்மா வாக்கரைத் தள்ளிக்கிட்டு பாத்ரூமுக்குள்ள போயி தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாங்க. இருபது நிமிஷம் வெளிய வரல. எனக்கு சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல.

"இப்ப விட்டா அப்புறம் மயக்கம் கொடுத்துத்தான் மடக்கணும்"னு அவரு சொல்றாரு. அதே வார்டுல இருந்த இன்னொரு அம்மா 100 வந்துட்டாங்களாம். அவங்க மகன் தினம் வாட்ஸப்ல வீடியோ அனுப்புறாரு. பார்த்தாலே வயிறு எரியுது.

காலைத் தானாவே மடக்கி நீட்டுற மெஷின் வாடகைக்குக் கிடைக்குதுங்கறாங்க, எடுக்கலாமா? இல்ல பிசியோவை மாத்தணுமா? அம்மாவை எப்படித்தான் வழிக்குக் கொண்டு வர்றது?

#2 கோவை_பட்டறை | ஆகஸ்ட் 11, இரவு 10.05

மெஷின் எடுங்க சார். எங்க மாமனாருக்கு எடுத்தோம். கால அதுல வச்சுட்டு டிகிரிய செட் பண்ணிட்டா அதுபாட்டுக்கு மடக்கி நீட்டிட்டே இருக்கும். அவரு டிவி பார்த்துட்டே படுத்திருப்பாரு. சத்தமும் இல்ல சண்டையும் இல்ல.

#3 பொதிகைத்தென்றல் | ஆகஸ்ட் 11, இரவு 10.31

இரும்பை வைத்துத் தைத்துவிட்டு அப்புறம் மடங்கவில்லை என்றால் எப்படி மடங்கும்? நல்ல வர்மத் தைலம் ஒன்றைச் சூடுபண்ணி நன்றாகத் தேய்த்து, உப்பு ஒத்தடம் கொடுங்கள். பத்தே நாளில் இளகிவிடும். கத்தரிக்காய், கருவாடு, முட்டை மூன்றையும் நிறுத்துங்கள். சீழ் வைக்கும்.

#4 எலும்பும்_தசையும் | ஆகஸ்ட் 12, காலை 6.15

காவிரிக்கரையான், நான் மதுரையில் 19 வருஷமாக பிசியோதெரபிஸ்ட். நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மூணு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

அம்மாவுக்கு முட்டி எவ்வளவு நீளுது? மல்லாக்கப் படுக்கச் சொல்லி, முட்டிக்கும் மெத்தைக்கும் நடுவுல உங்க கை நுழையுதான்னு பாருங்க.

தூங்கும்போது முட்டிக்கு அடியில என்ன இருக்கு?

பிசியோ வர்றதுக்கு முன்னாடி வலி மாத்திரை எத்தனை மணிக்குப் போடுறாங்க?

மடங்குறதைப் பத்தி அப்புறம் பேசுவோம்.

#5 காவிரிக்கரையான் | ஆகஸ்ட் 12, காலை 7.50

சார், கைய விட்டுப் பார்த்தேன். என் கை மட்டுமில்ல, மணிக்கட்டு வரைக்கும் தாராளமா போகுது. இடது காலுக்கு அடியில விரல் நுனிகூட நுழையல.

தூங்கும்போது முட்டிக்கு அடியில போர்வையை மடிச்சு வச்சிருக்காங்க. தலையணை வேண்டாம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க, அதனாலதான் போர்வையாம்! முதல் வாரத்துலேர்ந்தே வைக்கிறாங்களாம், அது இல்லாம தூக்கம் வராதாம். எங்க யாருக்கும் தப்பாவே தோணல.

மாத்திரையைப் பத்தி நீங்க கேட்டப்புறம்தான் அலமாரியைத் திறந்து பார்த்தேன். அட்டை அட்டையா அப்படியே கிடக்கு. "வலி மாத்திரை போட்டா கிட்னி போயிரும்"னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்களாம். பத்து நாளா ஒண்ணுகூட முழுங்கல.

#6 எலும்பும்_தசையும் | ஆகஸ்ட் 12, காலை 8.40

நான் நினைச்ச மாதிரியேதான்.

அந்தப் போர்வையை இன்னைக்கே எடுத்துடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

ஆபரேஷனுக்கு அப்புறம் மூட்டுக்குள்ள நீர் கோத்திருக்கும். முட்டி இருபது முப்பது டிகிரி மடங்கி இருந்தா அந்த நீருக்கு உள்ளே இடம் அதிகம், வலியும் குறைவு. அதனால எந்த நோயாளியும் தானாவே அடியில ஏதாவது தேடுவாங்க. தலையணை கூடாதுன்னா போர்வை, போர்வை கூடாதுன்னா மடிச்ச சேலை. எல்லாம் ஒண்ணுதான். ராத்திரி எட்டு மணி நேரம் அப்படியே கிடந்தா முட்டியோட பின்பக்கத் தசையும் மூட்டு உறையும் அந்த நீளத்திலேயே இறுகிடும். அதை பகல்ல அரை மணி நேரம் பிசியோ வந்து சரி பண்ண முடியாது.

எல்லாரும் மடங்குற எண்ணையே கேக்குறாங்க. ஆஸ்பத்திரியில கேக்குறாங்க, சொந்தக்காரங்க கேக்குறாங்க, வாட்ஸப் வீடியோலயும் அதுதான். நீளுறதைப் பத்தி யாரும் கேக்குறதில்ல. கணக்கைப் பாருங்க: சமதரையில நடக்க 65, 70 டிகிரி மடங்கினா போதும். மாடி ஏற 85 வாக்குல வேணும். நாற்காலியிலேருந்து எழுந்திருக்க 95 பக்கம். உங்க அம்மா 70-ல இருந்தா மாடியிலதான் கஷ்டப்படுவாங்க. ஆனா 15 டிகிரி நீளாத முட்டியோட இருந்தா வாசலுக்குப் போற ஒவ்வொரு அடியிலயும் கஷ்டப்படுவாங்க. கால் நேரா பூட்டிக்காததால நிக்கிறதுக்கே தொடைத் தசை வேலை செய்யணும். அந்தக் கால் குட்டையான மாதிரி ஆகி நொண்டல் வரும். அப்புறம் இடுப்பு வலி, அடுத்த முட்டியில வலி.

செய்ய வேண்டியது: நாற்காலியில உட்கார வச்சு, எதிரே இன்னொரு நாற்காலியோ முக்காலியோ போட்டு, அது மேல குதிகாலை மட்டும் வைங்க. குதிகாலுக்கு அடியில சுருட்டின துண்டு. முட்டிக்கு அடியில எதுவும் கூடாது, அந்தரத்துல தொங்கட்டும். அஞ்சு நிமிஷத்துல ஆரம்பிச்சு பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு நாலு தடவை. யாரும் அமுக்க வேண்டாம், காலோட கனமே இழுக்கும். அதே நிலையில தொடையை இறுக்கி முட்டியைக் கீழ் நோக்கி அழுத்தி அஞ்சு எண்ணிட்டு விடச் சொல்லுங்க. பத்துப் பத்தா. ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் மாசத்துல தொடைத் தசை பாதிக்கு மேல பலம் இழந்துடும். மூளை அந்தத் தசைக்கு அனுப்புற கட்டளையையே குறைச்சுடுது. தானா திரும்ப வராது, கூப்பிட்டுக் கூப்பிட்டு எழுப்பணும்.

மடக்குறதுக்கு அமுக்கல் வேண்டவே வேண்டாம். நாற்காலியில உட்கார்ந்து, பாதத்துக்கு அடியில பழைய வேட்டித் துண்டு ஒண்ணு போட்டு, மொசைக் தரையில அவங்களே பாதத்தைப் பின்னால இழுக்கட்டும். நல்ல காலை முன்னால குறுக்கே வச்சு மெதுவா தள்ளி உதவலாம். பெருவிரல் நிக்கிற இடத்துல சாக்பீஸால ஒரு கோடு போடுங்க. நாளைக்கு அந்தக் கோட்டைத் தாண்டினா போதும். டிகிரி கேக்காதீங்க.

பயத்துல தொடை இறுகியிருக்கும்போது மேல அமுக்கினா அது இழுபறி. அன்னைக்கு அஞ்சு டிகிரி கூடும், ராத்திரி வீங்கும், வீங்கின முட்டி மறுநாள் மடங்காது, மடங்கலைன்னு இன்னும் அமுக்குவாங்க. உங்க வீட்டுல நடக்குறது இதுதான்னு நினைக்கிறேன். மயக்கம் கொடுத்து மடக்குறது நிஜமான சிகிச்சைதான். ஆனா ஆறு வாரத்துக்கும் பன்னிரண்டு வாரத்துக்கும் நடுவுல, 90 தொடாம நின்னுபோனவங்களுக்கு சர்ஜன் முடிவு பண்றது அது. 24-ஆம் நாள் மிரட்டுறதுக்கு இல்ல.

மாத்திரை: சர்ஜன் எழுதினதை, அவர் சொன்ன அளவுல, பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி போட்டா அந்த அரை மணி நேரம் சும்மா போகாது. சுகர் இருக்குறதால கிட்னிக்கு எந்த மாத்திரை ஒத்துக்கும்னு அவர்கிட்டயே போன் போட்டுக் கேளுங்க. கேட்காம நிறுத்துறதுதான் தப்பு. பயிற்சி முடிஞ்சதும் துணி சுத்தின ஐஸ் 15, 20 நிமிஷம், காலை உயரத்துல வச்சு. உயரம் குதிகாலுக்கு, முட்டிக்கு இல்ல.

மெஷினைப் பத்தி: ஒரு காலத்துல வார்டு பூரா இருந்தது. நானே நூத்துக்கணக்கான பேருக்கு மாட்டியிருக்கேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசுற காக்ரேன் அமைப்போட தொகுப்பு உட்பட பல ஆய்வுகள் பார்த்தாச்சு, சொல்லிக்கிற மாதிரி பலன் இல்ல. மெஷின் மடக்கும்போது தொடைத் தசை தூங்கிட்டிருக்கும். வாடகைக் காசுல ஒரு மாசத்துக்கு முட்டை வாங்கலாம்.

முட்டைன்னதும் ஞாபகம் வருது. #3, கோச்சுக்காதீங்க. முட்டையை நிறுத்தச் சொல்லாதீங்க. புண் ஆறவும் தசை வளரவும் புரதம் வேணும். ஒத்தடமும் வேண்டாம். இந்த ஆபரேஷன்ல தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை அளவு தோல் மரத்துப் போயிருக்கும். சூடு தெரியாது. உப்பு மூட்டை வச்சுக் கொப்புளம் வந்து, அதுல கிருமி ஏறி வந்தவங்களை நான் பார்த்திருக்கேன்.

#7 பொதிகைத்தென்றல் | ஆகஸ்ட் 12, காலை 9.30

தோல் மரத்துப் போகும் என்பது எனக்குத் தெரியாது. ஒத்தடத்தை வாபஸ் வாங்குகிறேன். கத்தரிக்காயை வாங்க மாட்டேன்.

#8 இடதுகால்_சுழல்பந்து | ஆகஸ்ட் 12, பகல் 1.12

பிசியோ சார் சொல்றதுல ஒரு இடத்துல மாத்துக் கருத்து. எனக்கு 27. ஃபுட்பால்ல முட்டி ஜவ்வு கிழிஞ்சு ஏசிஎல் ஆபரேஷன் ஆச்சு. என் பிசியோ நல்லா அமுக்கித்தான் மடக்குனாரு. அழுதேன், கெட்ட வார்த்தைகூடச் சொன்னேன். இன்னைக்கு முழுசா மடங்குது, ஒன்பதாவது மாசம் கிரவுண்டுக்குத் திரும்பப் போனேன். வலிக்குப் பயந்தா எதுவும் நடக்காது. பாவம் பார்த்தா அம்மாவுக்குத்தான் நஷ்டம்.

#9 எலும்பும்_தசையும் | ஆகஸ்ட் 12, இரவு 9.05

தம்பி, உன் முட்டியில இருந்தது உன் சொந்த எலும்பு, 27 வயசுத் தசை. அதுவும் ஆபரேஷனுக்கு முந்தின நாள் வரைக்கும் முழுசா மடங்கின முட்டி. காவிரிக்கரையானோட அம்மாவுக்குப் பத்து வருஷமா 90-க்கு மேல மடங்கியிருக்காது. ஆபரேஷனுக்கு முன்னாடி எவ்வளவு மடங்கிச்சோ அதை வச்சுத்தான் பின்னாடி எவ்வளவு மடங்கும்னு ஓரளவு சொல்ல முடியும். அதனாலதான் சொல்றேன், வார்டுல இருந்த அந்த இன்னொரு அம்மாவோட ஒப்பிடாதீங்க.

வலியே இல்லாம செய்யணும்னு நான் சொல்லல. வலிக்கும். பயிற்சி முடிஞ்சு ஐஸ் வச்ச பிறகு ஒரு மணி நேரத்துல அடங்குற வலின்னா சரி. மறுநாள் காலையில முட்டி முந்தின நாளைவிட வீங்கியும் சூடாவும் இருந்தா அது அதிகம். குறைச்சுக்கணும், நிறுத்தக் கூடாது.

உன் பிசியோ நீளுறதையும் விட்டிருக்க மாட்டார். ஏசிஎல்-லயும் முதல்ல மீட்க வேண்டியது அதுதான். வேணும்னா அவர்கிட்டயே கேட்டுப் பாரு.

#10 இடதுகால்_சுழல்பந்து | ஆகஸ்ட் 12, இரவு 9.40

கேட்டேன். "முதல் ரெண்டு வாரம் உன்னைக் குப்புறப் படுக்கப் போட்டு காலைக் கட்டிலுக்கு வெளிய தொங்க விட்டது எதுக்குன்னு நினைச்ச?"ன்னு திட்டுறாரு. ஓகே சார்.

#11 பேத்திகள்_பாட்டி | ஆகஸ்ட் 13, காலை 11.20

நான் மூட்டு மாற்றியவள், இரண்டு காலிலும். முதலில் இடது, பதினெட்டு மாதம் கழித்து வலது. பிள்ளைகள் எல்லாம் டிகிரி டிகிரி என்று பேசுகிறீர்கள். கட்டிலில் கிடக்கிறவள் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

பகலைவிட ராத்திரிதான் பெரிது. வலது பக்கம் திரும்ப முடியாது, இடது பக்கமும் முடியாது. மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, இதைச் செய்திருக்கவே கூடாது என்று நினைப்பேன். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் எல்லோருக்கும் இது வரும் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நான் அவ்வளவு அழுதிருக்க மாட்டேன். கால் சூடாகவே இருக்கும், பல மாதம். மடக்கும்போது உள்ளே டொக் டொக் என்று சத்தம் வரும். உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டிக்கொள்கிற சத்தம் அது. எனக்கு யாரும் சொல்லாததால் கழன்றுவிட்டது என்று பயந்து ஒரு வாரம் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டதற்கு அவங்களைத் திட்டாதீர்கள். வயதான பெண்ணுக்கு வீட்டில் சொந்தமாகக் கதவைச் சாத்திக்கொள்ள வேறு இடம் ஏது? ஆனால் இனிமேல் தாழ்ப்பாள் வேண்டாம் என்று சொல்லுங்கள், விழுந்தால் யார் திறப்பது. வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதுதானே? உயரம் போதவில்லை என்றால் மேலே வைக்கிற பிளாஸ்டிக் உயர்த்தி மருந்துக்கடைகளிலேயே கிடைக்கிறது. பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி. வழியில் கிடக்கிற மிதியடிகளையெல்லாம் மூட்டை கட்டிப் பரண்மேல் போடுங்கள்.

படிக்கட்டுக்கு எனக்குச் சொல்லிக்கொடுத்தது: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். "நல்லவன் மேலே போவான்" என்று என் பேத்தி பாட்டாகவே பாடுவாள். வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும்போது தடி எதிர்க்கையில். எல்லோரும் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள், அது தப்பு.

கடைசியாக ஒன்று கேளுங்கள் அவங்களிடம்: கால் சரியானால் முதலில் என்ன செய்யணும் என்று. எனக்கு அது 90 டிகிரி இல்லை. எங்கள் வீட்டு அடுக்களை மேடைக்கு முன்னால் இருபது நிமிஷம் நின்று நானே காபி போட்டுக்கொள்வது. மருமகள் போடுகிற காபி நன்றாகத்தான் இருக்கும், அது வேறு விஷயம்.

#12 காவிரிக்கரையான் | ஆகஸ்ட் 13, இரவு 10.15

பாட்டிம்மா, கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "வாசல்ல கோலம். உன் பொண்டாட்டி ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்கா, பார்க்கவே சகிக்கல"ன்னாங்க. என் மனைவி உள்ளேர்ந்து "கேக்குது"ன்னா.

போர்வையை எடுத்தாச்சு. நேத்து ராத்திரி தூங்கல, எங்களையும் தூங்க விடல. சாக்பீஸ் கோடு ஆரம்பிச்சாச்சு. என் பொண்ணு ஏழாவது படிக்கிறா, அவதான் இன்சார்ஜ். பழைய பிசியோ கிட்ட மரியாதையாப் பேசி அமுக்க வேண்டாம்னு சொன்னேன். "அப்ப நான் எதுக்கு?"ன்னு கேட்டுட்டு வர்றதை நிறுத்திட்டாரு. நல்ல மனுசன்தான், வேற விதமா செய்யத் தெரியல போல.

#13 காவிரிக்கரையான் | ஆகஸ்ட் 18, இரவு 11.02

அவசரம். இன்னைக்குச் சாயங்காலத்துலேர்ந்து வலது கெண்டைக்கால் வீங்கி இறுக்கமா இருக்கு, தொட்டா வலிக்குது. பயிற்சி ஜாஸ்தியாயிருச்சா? காலைல வரைக்கும் பார்க்கலாமா?

#14 எலும்பும்_தசையும் | ஆகஸ்ட் 18, இரவு 11.06

பார்க்காதீங்க. இப்பவே ஆஸ்பத்திரி. ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்கான்னு டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க. கெண்டைக்காலைத் தேய்க்கக் கூடாது. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலிச்சாலோ 108-க்கு அடிங்க. போனை வச்சுட்டுக் கிளம்புங்க.

#15 காவிரிக்கரையான் | ஆகஸ்ட் 19, அதிகாலை 4.20

திரும்பி வந்துட்டோம். டாப்ளர் பார்த்தாங்க, கட்டு எதுவும் இல்ல. மேல இருந்த வீக்கம் கீழ இறங்கியிருக்குன்னாங்க. பாத்ரூம் போற நேரம் தவிர நாள் பூரா கால் தொங்கப்போட்டு உட்கார வச்சிருந்தோம், அது எங்க தப்பு. ரத்தம் உறையாம இருக்கத் தர்ற மாத்திரையை இன்னும் கொஞ்ச நாள் தொடரச் சொல்லியிருக்காங்க. வீணா பதறிட்டேனோன்னு டூட்டி டாக்டர் கிட்ட கேட்டேன். "இதுக்கு நூறு பேர் சும்மா வந்தாலும் பரவால்ல"ன்னாரு.

#16 வல்வெட்டி | ஆகஸ்ட் 20, மாலை 5.45

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். என்ர அம்மாவுக்கும் போன வருசம் முழங்கால் மாத்தினது. வீட்டில எல்லாரும் "ஆறு மாசம் ஆறுதலா இருங்கோ" எண்டு சொல்லிச் சொல்லியே கதிரையில இருத்தி வச்சிருந்தம். இப்ப நடக்கிறா, ஆனா முழங்கால் நேரா வராது. நிண்டு சமைக்க ஏலாது, பத்து நிமிசத்தில இருந்திடுவா. இந்த இழையை வாசிச்ச பிறகுதான் ஏன் எண்டு விளங்கிச்சுது. ஒரு வருசம் கழிச்சு ஏதும் செய்யலாமோ?

#17 எலும்பும்_தசையும் | ஆகஸ்ட் 20, இரவு 8.30

செய்யலாம், முழுசா வரும்னு சொல்ல மாட்டேன். ஒரு வருஷத்துல வடு நல்லா முத்தியிருக்கும். ஆனா குதிகாலை உயரத்துல வச்சுத் தொங்கவிடுற பயிற்சியையும் தொடைத் தசைப் பயிற்சியையும் பொறுமையா சில மாசம் செஞ்சா, நிக்கிற நேரம் கூடும். அதுக்கு முன்னாடி சர்ஜன்கிட்ட ஒருதடவை காட்டி, மூட்டுல வேற பிரச்சினை இல்லைன்னு உறுதி பண்ணிக்கச் சொல்லுங்க.

#18 ரேஷன்கார்டு | ஆகஸ்ட் 21, காலை 10.10

இங்க பிசியோவுக்குத் தடவைக்கு 600 ரூபாய்னு பேசுறீங்க. எங்க அக்காவுக்கு அரசு மருத்துவமனையில முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலதான் மூட்டு மாத்துனோம். ஆபரேஷனுக்கு ஒரு பைசா ஆகல. வீட்டுக்கு வந்தப்புறம்தான் திண்டாட்டம். பிசியோ ஓ.பி.க்கு வரச் சொன்னாங்க. எங்க ஊர்லேருந்து ரெண்டு பஸ். மூட்டு மாத்துனவங்களை டவுன் பஸ் படியில ஏத்திப் பாருங்க, அப்ப தெரியும்.

அப்புறம் கிராம நர்ஸ் சொல்லித்தான் தெரிஞ்சுது, மக்களைத் தேடி மருத்துவத்துல சுகர், பிபி மாத்திரை மட்டுமில்ல, பிசியோவும் வீட்டுக்கு வருவாங்கன்னு. 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச திட்டம். ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைக் கொடுத்தோம். தினமும் வரமாட்டாங்க, அந்தம்மாவுக்கு எத்தனையோ வீடு. வந்த அன்னைக்கு எங்க எல்லாருக்கும் செஞ்சு காட்டி, எங்களையும் செய்ய வச்சுப் பார்த்துட்டுப் போவாங்க. மீதி நாள் நாங்க பார்த்துக்கிட்டோம். சென்னைக்காரங்கன்னா கே.கே. நகர்ல அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கு, அங்கயும் கேக்கலாம்.

#19 எலும்பும்_தசையும் | ஆகஸ்ட் 21, இரவு 9.15

நல்லா சொன்னீங்க. என் தொழில்காரங்க கோச்சுக்கலாம், ஆனாலும் சொல்றேன்: வீட்டுல ஒருத்தர் ஒழுங்கா கத்துக்கிட்டா தினமும் பிசியோ வரத் தேவையில்ல. வாரம் ஒண்ணு ரெண்டு தடவை வந்து அளந்து, அடுத்த படிக்கு மாத்திக் கொடுத்தா போதும். வர்றவர் என்ன படிச்சிருக்கார்னு கேக்கத் தயங்காதீங்க. பி.பி.டி.ங்கிற பிசியோதெரபி பட்டப்படிப்பு பயிற்சிக் காலத்தோட நாலு வருஷத்துக்கு மேல. மூணு மாச மசாஜ் சர்டிபிகேட்டோட வெள்ளை கோட்டு மாட்டிக்கிட்டுத் திரியிறவங்களும் இருக்காங்க.

#20 காவிரிக்கரையான் | செப்டம்பர் 2, இரவு 8.00

46-ஆம் நாள். சர்ஜன் பார்த்தாரு. மடங்குறது 92. நீளுறதுல இன்னும் அஞ்சு டிகிரி பாக்கி. கோணமானி வச்சு அவரே அளந்தாரு. என் பொண்ணும் ஜியாமெட்ரி பாக்ஸ் கோணமானியைக் கொண்டுபோயிருந்தா, அவளுக்கு 90 வந்துச்சு. ரெண்டு டிகிரிக்கு டாக்டர்கிட்ட சண்டை.

"மயக்கம் கொடுத்து மடக்க வேண்டியிருக்குமா சார்?"னு கேட்டேன். "யார் சொன்னா?"ன்னாரு. நான் சொல்லல.

முந்தி பகல் பூரா டிவி முன்னாடி இருந்தவங்க, இப்ப சீரியல் விளம்பரம் வந்தா எழுந்து நிக்கிறாங்க. அது யாரும் சொல்லிக் கொடுத்ததில்ல, அவங்களே கண்டுபிடிச்சது. விளம்பரம் முடியிற வரைக்கும் மேடையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க, கால் நேரா இருக்கான்னு கண்ணாடியில பார்த்துக்கிட்டு.

#21 பணிநிறைவு_வேலூர் | செப்டம்பர் 8, காலை 7.00

இன்று உலக பிசியோதெரபி தினம் என்பதால் ஒரு பழங்கதை. இழையோடு சம்பந்தம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1940-களின் இறுதியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களுக்குத் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) மாற்றும் அறுவை செய்யத் தொடங்கினார். வேலை செய்கிற ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் இடத்தில் இணைப்பார். தையல் எவ்வளவு அழகாக இருந்தாலும், கட்டுப் பிரித்த அன்று அந்த விரல் நீளாது. காரணம், அந்தத் தசைக்குத் தன் பழைய வேலைதான் தெரியும். புது வேலையை வாரக்கணக்கில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அங்கே அறுவைக்கூடமும் பயிற்சி மேசையும் பிரியாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

அங்கே பயிற்சி பெற்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறந்தது.

நான் பணியில் சேர்ந்தபோது எங்கள் சீனியர், நோயாளியின் கையைத் தன் கையால் அசைத்துக் காட்டவே விடமாட்டார். உன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லிக்கொடு என்பார். #1-இல் அந்த 600 ரூபாய்ப் பையன் அமுக்கிய கதையைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

#22 காவிரிக்கரையான் | அக்டோபர் 6, மாலை 6.30

80-ஆம் நாள். மடங்குறது 108. நீளுறது கிட்டத்தட்ட முழுசு, என் விரல் நுனி மட்டும் நுழையுது. வீட்டுக்குள்ள தடி இல்லாம நடக்குறாங்க, தெருவுக்குன்னா எடுத்துக்குவாங்க. சம்மணம் போட ஆசைதான், சர்ஜன் கூடாதுன்னுட்டாரு, விட்டாச்சு.

நேத்துக் காலையில வாசல்ல நின்னபடியே குனிஞ்சு ஒரு அஞ்சு புள்ளிக் கோலம் போட்டாங்க. கோடு கொஞ்சம் கோணல். ஸ்டிக்கரைச் சுரண்டி எடுக்க என் மனைவிக்கு ஒரு மணி நேரம் ஆச்சு.

இப்ப அடுத்த கதை. இடது முட்டிக்கு எப்போன்னு சர்ஜன் கேட்டாரு. அம்மா, "தை பிறக்கட்டும், பொங்கலுக்குத் தேர்க்கோலம் போட்டுட்டு வர்றேன்"னு சொல்லிட்டாங்க. மூணு மாசத்துக்கு மேல இருக்கு. இந்த மாசங்கள்ல என்ன செய்யலாம் சார்?

#23 எலும்பும்_தசையும் | அக்டோபர் 6, இரவு 9.20

வாழ்த்துகள், முக்கியமா ஏழாங்கிளாஸ் இன்சார்ஜுக்கு.

இடது காலுக்கு இன்னைக்கே தொடங்குங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி தொடை பலமா இருந்தா பின்னாடி இழக்குறது போக மிச்சம் இருக்கும். வலது காலுக்குச் செஞ்ச அதே தொடை இறுக்கம், அதே குதிகால் தொங்கல், வலி தாங்குற அளவுக்கு. கை ஊன்றாம நாற்காலியிலேருந்து எழுந்து உட்காருறதைப் பத்துப் பத்தா செய்யட்டும், உயரமான நாற்காலியில ஆரம்பிச்சு. சுகரை அதுவரைக்கும் கட்டுல வைங்க, பல்லுல சொத்தை இருந்தா இப்பவே காட்டிடுங்க, ஆபரேஷன் சமயத்துல உடம்புல எங்கயும் கிருமி இருக்கக் கூடாது. வாக்கரைத் திருப்பிக் கொடுத்துடாதீங்க.

இன்னொண்ணு, இடது முட்டிக்கு அடியில இப்ப ராத்திரி என்ன இருக்குன்னு பாருங்க.

#24 காவிரிக்கரையான் | அக்டோபர் 6, இரவு 9.31

பார்த்தேன். அதே போர்வை.